பேசுகிற கை

ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். தலை வாரிக்கொள்ள முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, புது பாட்டிலின் மூடியைத் திறக்க முடிகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே இல்லை என்று நான்கு கட்டங்கள். இந்தப் பேனாவைப் பிடித்து டிக் அடிக்க முடிகிறதா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்க்கச் சொல்லியிருப்பேன்: உங்கள் கணவரோடு பேச முடிகிறதா?

இதில் கேலி ஒன்றுமில்லை. என் கணவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் பேசுவது கையால். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் என் நாத்தனார்தான் எனக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தாள். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனால் சந்தைக்கடை மாதிரி பேசுவோம். சத்தம் வராது, அவ்வளவுதான்.

கைப்பேச்சை எழுத்தில் கொண்டுவருவதில் ஒரு சங்கடம் உண்டு. அதில் நீ, நீங்க என்ற பேதமெல்லாம் கிடையாது. விரலை நீட்டினால் நீட்டியதுதான். என் மாமியார் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "புருஷனைப் பார்த்து விரலை நீட்டிப் பேசுறா" என்பார். அவர் மனம் குளிரட்டும் என்று, இதை எழுதும்போது நான் சொன்னதையெல்லாம் 'நீங்க' என்றே போட்டுவிடுகிறேன்.

காது கேட்காதவர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் வைப்பார்கள். என் மோவாயில் மச்சம் இருப்பதால் மோவாயை இரண்டு தட்டுத் தட்டினால் அது நான். அவர் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டுகிறவர். உள்ளங்கையில் விரலால் நேராக ஒரு கோடு இழுத்தால் அது அவர். நான் வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளிக்கு நெஞ்சில் கைவைத்து ஏற்றி இறக்க வேண்டும், பெருமூச்சு. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குக் காதை இழுத்துக் காட்டினால் போதும். அப்படியொரு தோடு அவருக்கு.

பேக்கரியில் என் வேலை கேக் மேல் எழுதுவது. கூம்புப் பையில் கிரீமை நிரப்பி, முனையால் பிதுக்கிப் பிதுக்கி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது கேக். ஊரில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு நிச்சயம் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஐம்பது வயதுக்காரி ஒருத்தி முப்பத்தொன்பது என்று எழுதச் சொல்லிக் கண்ணடிப்பாள். மகன் நாலாவது தடவை பரீட்சை எழுதித் தேறியதற்கு ஒரு அப்பா வந்து, வாழ்த்துகள் எல்லாம் வேண்டாம், 'ஒருவழியாக' என்று மட்டும் எழுதுங்கள் என்பார். இதையெல்லாம் நான் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். சாயங்காலம் சமையல்மேஜையில் அவரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பேன். அவர் சிரித்தால் அடுத்த வீட்டு நாய் குரைக்கும். தன் சிரிப்பு எவ்வளவு பெரியதென்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை, சொன்னால் குறைத்துக்கொள்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. படுத்த வாக்கில் மரத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் ஒரேபோல் வீங்கின. எழுந்து ஒன்றரை மணி நேரம் ஆனால்தான் விரல்கள் என் சொல் கேட்கும். இரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "இது முடக்குவாதம்மா. உடம்பே தன் மூட்டைத் தாக்குற வியாதி. முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். மருந்தால அடக்கி வைக்கலாம். விட்டா விரல் கோணிக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் என் தோளைத் தட்டினார். "என்ன சொல்றாங்க?"

எங்கே போனாலும் அவருக்குக் காது நான்தான். பேங்கில், கல்யாண வீட்டில், வீட்டுச் சொந்தக்காரரிடம், எல்லா இடத்திலும் மற்றவர் பேச்சைக் கையில் வாங்கி அவரிடம் கொடுப்பது என் வேலை. அன்றைக்குக் கையைத் தூக்கினேன். இந்தக் கை இனி சரியாகாது என்பதை இந்தக் கையாலேயே சொல்ல வேண்டும். மனசு வரவில்லை. "சாதாரண வீக்கம்தானாம். மாத்திரை போட்டா சரியாயிடுமாம்" என்றேன்.

பொய்க்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் உண்மையான காரணம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பேசினால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்தால் அன்றோடு என்னிடம் பேச்சு கொடுப்பதை நிறுத்திவிடுவார். கேள்வி கேட்டால்தானே இவள் பதில் சொல்ல வேண்டும் என்று கேள்வியையே விழுங்கிவிடுவார். எனக்கு விரல் கோணுவதைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன். பழகிவிட்டது. ஒரு தடவை டாக்டரம்மா, "மனசு எப்படி இருக்கு? எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?" என்று கேட்டார். "ஆமா டாக்டர். காலைல எதுக்கு எழுந்திருக்கணும்னு இருக்கு" என்றேன். என்னவென்று இவர் பக்கத்திலிருந்து புருவத்தைத் தூக்கினார். "நல்லா தூங்குறியான்னு கேட்டாங்க. தூங்குறேன்னு சொன்னேன்" என்று கை சொன்னது. ஒரே நேரத்தில் வாயில் உண்மையும் கையில் பொய்யும் வருகிற பெண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டாக்டரம்மா அன்றே மனசுக்கென்று ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். தனியாக எப்படிப் போவேன், எங்கே போகிறாய் என்று இவர் கேட்பாரே என்று போகவில்லை.

வாரம் ஒரு நாள் மாத்திரை. மறுநாள் முழுக்கக் குமட்டும். மற்ற நாட்களில் களைப்பு. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது, யாரிடமாவது சொன்னால் "எனக்கும்தான் களைப்பு" என்பார்கள். இருக்கிற தெம்பையெல்லாம் நாற்பது கேக்கும் பிதுக்கி எடுத்துக்கொண்டுவிடும். சாயங்காலம் சமையல்மேஜையில் உட்கார்ந்தால் கை எழாது. சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. நெஞ்சு முட்ட இருந்தது. பெரிய கதையை மூன்று சைகையில் சுருக்குவேன். பிறகு அதையும் விட்டேன். சாப்பிட்டீங்களா, கதவைப் பூட்டுங்க, பால் தீர்ந்துபோச்சு. இவ்வளவுதான் பேச்சு.

அதில் எனக்குத் தெரியாமலே ஒரு விபரீதம் நடந்தது. கைப்பேச்சில் முகம்தான் குரல். கை சொல்லைச் சொல்லும், அன்பா வெறுப்பா என்பதை முகம் சொல்லும். ஒவ்வொரு சைகைக்கும் முட்டியில் சுரீரென்றது, முகம் தானாகச் சுளித்தது. 'சாப்பிட்டீங்களா' என்று கை கேட்க, இந்த ஆளோடு பேச வேண்டியிருக்கிறதே என்று முகம் சொல்லியிருக்கிறது. இரண்டு வருஷமாக நான் அவரிடம் அருவருப்போடு பேசியிருக்கிறேன். எனக்கு என் முகம் தெரியாது. அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அவர் மெல்ல மெல்ல விலகினார். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறவர், வாரத்தில் மூன்று நாள் காது கேட்காதவர்கள் சங்கத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுத்துப் போகவில்லையே என்று நானே கொண்டுபோனேன். சங்கத்து ஜன்னலில் பெரிய கண்ணாடி, உள்ளே வெளிச்சம். வெளியே நின்றால் உள்ளே பேசுவதெல்லாம் தெரியும். எங்கள் பேச்சில் இரகசியத்துக்கு இடமில்லை.

நடுவில் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தார். தோளிலிருந்து விரல்நுனிவரை அப்படியொரு பேச்சு. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்கிறார் என்று பார்த்தேன். நாலாவது தடவை தேறிய மகன், 'ஒருவழியாக' கேக். நான் சொன்ன கதை. அந்த அப்பா மீசையைத் தடவியதை நான் எப்படிச் செய்து காட்டினேனோ அதே மாதிரி செய்துகாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கேட்டார், "பழசுப்பா இது. உன் பொண்டாட்டி புதுசா ஒண்ணும் கொண்டுவரலையா?"

அவர் மோவாயை இரண்டு தட்டுத் தட்டினார். "இவ இப்பல்லாம் எங்கிட்ட பேசுறதில்ல" என்றார். பிறகு சட்டென்று வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்.

குடையைப் பிடித்தபடி நின்றேன். கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். தட்டினாலும் அவருக்குக் கேட்காது என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். உண்மை என்னவென்றால், எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் எனக்குக் கிடைக்காத என் புருஷனை மற்றவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்கூடப் போதும் என்று இருந்தது. குடையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே திரும்பினேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்ஸ். வழக்கமான தாளை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொரு தாளை அவரிடம் நீட்டினாள். "இது நோயாளி கூட இருக்கிறவங்களுக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச மாற்றத்தை எழுதுங்க."

"அவருக்குக் காது கேட்காதும்மா. குடு, நானே எழுதிடுறேன்" என்றேன்.

"படிக்க, எழுதத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அவரே எழுதட்டும். நீங்க பார்க்கக் கூடாது" என்று அவரை நாலு நாற்காலி தள்ளி உட்கார வைத்தாள். சின்னப் பெண், வாய் கொஞ்சம் நீளம்தான். அவர் மடியில் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார்.

உள்ளே டாக்டரம்மா என் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு என் கணவர் எழுதிய தாளை எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"படிக்கிறேன், கேளுங்க" என்றார். "'என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லோரிடமும் இல்லை, என்னிடம் மட்டும். என்னோடு பேசினால் முகம் சுளிக்கிறாள். கை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்கிறார். அப்படியென்றால் காரணம் கை இல்லை, நான். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். என்னிடம் சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருக்கும். நீங்கள் கேட்டு எழுதிக் கொடுங்கள்.'"

டாக்டரம்மா தாளை மேஜையில் வைத்தார்.

"நான் எப்பம்மா கை நல்லா இருக்குன்னு சொன்னேன்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் கணவர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரின் முகம் அது. என் தோளைத் தட்டி என்னவென்று கேட்கக்கூட இல்லை.

"அவர்கிட்ட சொல்லுங்க. நான் இருக்கேன். வெளிய இருக்கிறவங்க காத்திருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன். சொன்னேன். இது வீக்கமில்லை, வியாதி. போகாது. ஒவ்வொரு தடவையும் உங்களிடம் மாற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல வலித்தது, முகம் சுளித்தது. சுளித்த முகத்தை என் விரலாலேயே சுட்டிக் காட்டினேன். "இது உங்களைப் பார்த்து இல்ல. இது வலி. இப்ப பாருங்க, இப்பவும் வலிக்குது. உங்களை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும்னு சொல்லும்போதும் முகம் இப்படித்தான் போகுது, நான் என்ன பண்ணுவேன்?"

அவர் என்னை அணைத்துக்கொள்வார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியாது. எழுந்து நின்றார். "ரெண்டு வருஷம்" என்று இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். "நீ எனக்குக் காது. காதே பொய் சொன்னா நான் யாரைப் போய்க் கேட்பேன்?"

அவர் கேட்டதை மாற்றாமல் டாக்டரம்மாவிடம் வாயால் சொன்னேன்.

டாக்டரம்மா மருந்தை மாற்றினார், வாரம் ஒரு ஊசி. "வலி மனசை இறக்கும். மனசு இறங்கினா வலி இன்னும் ஏறும். ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்" என்று மனநல ஆலோசகருக்கும் சீட்டு எழுதினார், இந்தத் தடவை தேதி போட்டு. "அடுத்த தடவை இவருக்குச் சொல்ல வேற ஆள் ஏற்பாடு பண்ணுவோம். நீங்க நோயாளியா மட்டும் வாங்க" என்றார். பதினெட்டு வருஷ வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான்.

பிறகு நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் பாத்திரம் கழுவியிருந்தது. துணி பிழிந்து உலர்த்தியிருந்தது. பாட்டில் மூடிகளையெல்லாம் தளர்த்தி வைத்திருந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. காபியா என்று தம்ளரைக் காட்டுவார், நான் தலையாட்ட வேண்டும். கோபம் பாதி, கரிசனம் பாதி. சங்கத்துக்கும் போகவில்லை. எதிரே உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாம் நடந்தது, பேச்சு மட்டும் இல்லை. நான்கு நாள் இப்படி. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன், கேட்க ஆளில்லை.

ஐந்தாம் நாள் பேக்கரியில் முதலாளியிடம் போய் நின்றேன். "இனிமே என்னால கேக்ல எழுத முடியாது. கவுண்டர்ல ஆர்டர் எடுக்கிறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "உன் கையெழுத்துக்குன்னே வர்றவங்க இருக்காங்களேம்மா."

"கை ஒண்ணுதான் முதலாளி இருக்கு. அது வீட்டுக்கு வேணும்" என்றேன். இன்னொரு பெருமூச்சு விட்டுவிட்டு, மறுநாளே தொடங்கச் சொன்னார். கூம்புப் பையைக் கழுவி வைத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஊரின் பிறந்தநாளெல்லாம் என் கையெழுத்தில் இருந்தது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவர் சமையல்மேஜையில் செல்போனோடு இருந்தார். சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைத்தேன். காது கேட்காதவரைக் கூப்பிடுகிற முறை அதுதான். நிமிர்ந்தார்.

"பாத்திரம் வேண்டாம்னீங்க, சரி. துணி வேண்டாம்னீங்க, சரி. பேச வேண்டாம்னு யார் சொன்னது?"

"வலிக்கும்ல."

"வலிக்கும். பேசாம இருந்தா அதைவிட வலிக்குது. கேக் எழுதுறதை விட்டுட்டேன். இன்னிக்குப் பூரா இந்தக் கையை யாருக்கும் குடுக்கல. உங்களுக்குன்னு கொண்டுவந்திருக்கேன். என் மேல கோபம்னா கோபப்படுங்க, திட்டுங்க. ஆனா திட்டுறதைப் பேசித் திட்டுங்க."

அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். நானே ஆரம்பித்தேன்.

"இன்னிக்குக் கவுண்டருக்கு ஒரு ஆள் வந்தாரு. சட்டையெல்லாம் தப்புத் தப்பா பொத்தான் போட்டிருக்கார். ஒரு கிலோ கேக்ல 'மன்னிச்சிடு'ன்னு எழுதணுமாம். எழுதிடலாம்னேன். எதுக்கு மன்னிக்கணும்ங்கிறதையும் கீழ சின்னதா எழுத முடியுமான்னு கேட்டார். என்ன விஷயம்னு கேட்டேன். சொன்னார். ஒரு கிலோவுல இடம் பத்தாதுங்கன்னேன். அந்த ஆள் யோசிச்சுப் பார்த்துட்டு..."

இங்கே வலது கட்டைவிரல் முட்டி பிடித்துக்கொண்டது. விரல் பாதியில் நின்றது. முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கள் பேச்சில் கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது மாதிரி. போதும் என்கிறார், இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் தன் உள்ளங்கைச் சூட்டில் என் கைகளை வைத்திருந்தார். கண்ணாடி கீறிக் கீறித் தழும்பேறிய, சொரசொரப்பான கை. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் இளகியது. அது இளகியது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. கைகளை மெதுவாக என் மடியில் விட்டார். நாற்காலியை முழங்கால் இடிக்கிற அளவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.